9 மி.மீ. கல்லுக்கு ஷாக் வேவா, லேசரா?

கேள்வி: அண்ணனுக்கு வயது 41. விலாவுக்குக் கீழே கடும் வலி வந்து ஸ்கேன் எடுத்ததில் இடது யூரேட்டரின் (சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்குச் சிறுநீரைக் கொண்டுபோகும் குழாயின்) மேல்பகுதியில் 9 மி.மீ. கல், அதே பக்கச் சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் 6 மி.மீ. கல் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஷாக் வேவ் போதும் என்கிறார், இன்னொருவர் லேசர் என்கிறார். வீட்டில் வாழைத்தண்டுச் சாறு குடித்தாலே கரைந்துவிடும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

முதலில் ‘லேசர்’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கத்தி வைக்காமல் கல்லை எடுக்கும் எல்லா முறைக்கும் நம் ஊரில் லேசர் என்றே பெயராகிவிட்டது. ஆனால் லேசர் என்பது கல்லை உடைக்கும் கருவிதான். பாறைக்கு உளி எப்படியோ, கல்லுக்கு அது அப்படி. அந்த உளியை எந்த வழியாகக் கல்லிடம் கொண்டுபோகிறார்கள் என்பதில்தான் சிகிச்சையின் வித்தியாசம் இருக்கிறது. உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பி உடைப்பது ஷாக் வேவ், அதாவது இ.எஸ்.டபிள்யூ.எல். இதில் லேசருக்கு வேலையே இல்லை. சிறுநீர் வெளியேறும் துவாரம் வழியாக மெல்லிய கேமராக் குழாயை ஏற்றிக் கல்லைப் பார்த்து உடைப்பது யூரேட்டரோஸ்கோப்பி. அதே குழாய் வளையும் வகையாக இருந்து சிறுநீரகத்துக்குள்ளேயே போனால் ஆர்.ஐ.ஆர்.எஸ். முதுகுப்பக்கம் ஒரு சிறு துளை போட்டு நேராகச் சிறுநீரகத்தில் இறங்குவது பி.சி.என்.எல். இந்த உள்வழி முறைகள் எல்லாவற்றிலும் லேசர் பயன்படலாம். எனவே “லேசர் பண்ணிடலாம்” என்று சொன்னால், “எந்த வழியா சார்?” என்று கேட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அடுத்து, அந்த ஸ்கேன் அல்ட்ராசவுண்டா, சி.டி.யா? அல்ட்ராசவுண்டாக இருந்தால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். யூரேட்டரின் நடுப்பகுதி குடலில் இருக்கும் காற்றுக்குப் பின்னால் மறைந்துவிடும். சிறு கற்களின் அளவையும் அது கொஞ்சம் கூட்டியே காட்டும். கான்ட்ராஸ்ட் மருந்து போடாத சி.டி. கே.யு.பி., அதாவது சிறுநீரகம், யூரேட்டர், மூத்திரப்பை மூன்றையும் காட்டும் சி.டி. ஸ்கேன், எடுத்துக்கொண்டால் போதும். அந்த ரிப்போர்ட்டில் கல்லின் நீள அகலம் இருக்கும், இருக்கும் இடம் இருக்கும், சிறுநீரகம் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று இருக்கும். இவற்றோடு ‘எச்.யு.’ என்று ஓர் எண்ணும் இருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எக்ஸ்ரே கதிரைக் கல் எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் அளவு இது, தண்ணீருக்கு 0. 500க்குக் கீழே இருந்தால் யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்பு உண்டு. 1000ஐத் தாண்டினால் கல் கெட்டி, வெளியிலிருந்து அடித்தால் எளிதில் உடையாது. ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லையென்றால் ரேடியாலஜிஸ்ட்டிடம் அளந்து தரச் சொல்லலாம், அதற்காக மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. தோலிலிருந்து கல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் அதே படத்திலேயே அளந்துவிடலாம். 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஷாக் வேவின் பலன் குறைகிறது.

எந்த முறை என்று யோசிப்பதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. கல் அடைத்திருக்கும் நேரத்தில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்துக்குள் சீழ் கட்டினால் சில மணி நேரத்தில் கிருமி ரத்தத்தில் பரவிவிடும். அந்த நிலையில் கல்லைத் தொடவே கூடாது. யூரேட்டருக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தோ, முதுகுவழி ஒரு குழாய் போட்டோ தேங்கிய சிறுநீரை வடித்துவிட்டு, ஆன்டிபயாடிக் கொடுத்து, உடம்பு தேறியபின்தான் கல்லுக்குப் போவார்கள். “அன்றைக்கே கல்லை எடுத்திருக்கலாமே, ரெண்டு தடவை பில் போடுகிறார்கள்” என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. அந்த இரண்டு கட்டம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. சிறுநீர் அறவே வராமல் போனாலும், ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு ஏற்பட்டாலும் இதே அவசரம்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனால் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

இந்தச் சிக்கல் எதுவும் இல்லையென்றால், கல் தானாக வெளியேறக் காத்திருக்கலாமா? 5 மி.மீ.க்குட்பட்ட யூரேட்டர் கற்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தானாகவே வந்துவிடும். 5 முதல் 10 மி.மீ. வரை உள்ளவற்றில் ஏறக்குறைய பாதி. இது எல்லா இடத்துக் கற்களையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. யூரேட்டர் 25 செ.மீ. அளவு நீளம், உள்விட்டம் 3 - 4 மி.மீ. மேலே தொடங்கும் இடம், இடுப்பு ரத்தக்குழாயைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் என்று மூன்று இடத்தில் அது குறுகியிருக்கும். மூத்திரப்பைக்கு அருகே வந்துவிட்ட கல்லுக்கு ஒரு குறுகல்தான் பாக்கி. அண்ணனுடைய 9 மி.மீ. கல் மேலேயே நிற்கிறது, கீழேயுள்ள குறுகல்களை இனிமேல்தான் தாண்ட வேண்டும். தானாக வரும் என்று நான் அதிகம் நம்ப மாட்டேன்.

காத்திருப்பவர்களுக்கு, யூரேட்டரின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மி.கி. மாத்திரை எழுதிக் கொடுப்பது வழக்கம். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில் அதற்கு வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. கீழ் யூரேட்டரில் 5 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு ஓரளவு உதவுகிறது என்று வேறு ஆய்வுகள் சொல்வதால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஆண்களுக்கு விந்து வெளியே வராமல் போகலாம், மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும். வலிக்கு முதல் மருந்து டைக்ளோஃபெனாக் வகை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களும் அல்சர் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக் கல்லைத் தள்ளலாம் என்பது நடக்காத காரியம். அடைப்புக்கு மேலே அழுத்தம்தான் கூடும், வாந்தி வரும். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

காத்திருப்பதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு வாரத்தில் வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று நினைத்து ஸ்கேனுக்கே போவதில்லை. அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் அதற்குப் பழகிக்கொண்டு வலியைக் காட்டாமலேயே மெல்லக் கெட்டுப்போகும். மாதக்கணக்கில் கழித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் வேலை செய்யாத சிறுநீரகமாக இருக்கும். கல்லைக் கையில் பிடித்துப் பார்க்காதவரை, அல்லது ஸ்கேனில் இல்லை என்று வராதவரை, அது உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. காத்திருப்பதற்கு நான்கு வாரம், மிஞ்சிப்போனால் ஆறு வாரம்.

இனி ஷாக் வேவ். விமான நிறுவனமான டோர்னியர், வேகமாகப் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதினால் என்ன சேதம் ஆகும் என்று ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது இது. 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். அன்று நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். இன்று மேசையில் படுக்கவைத்து, இடுப்புக்கும் கருவியின் நீர்ப்பைக்கும் நடுவே ஜெல் தடவுகிறார்கள். எக்ஸ்ரேயிலோ அல்ட்ராசவுண்டிலோ கல்லைக் குறிவைத்து 2500 - 3000 அடி. ரப்பர் பேண்டை இழுத்து முதுகில் விட்டது போல ஒவ்வோர் அடியும் இருக்கும். வலி மருந்து கொடுத்துச் செய்வார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

கேட்பதற்கு இதுதான் சுலபமானது. ஆனால் கருவி கல்லை உடைத்துத்தான் கொடுக்கும், வெளியே எடுத்துக் கொடுக்காது. துகள்கள் தாமாகவே இறங்கி வர வேண்டும். எப்போது சொதப்பும் என்பதும் இதிலிருந்தே புரியும். கல் கெட்டியாக இருந்தால் உடையாது. உடம்பு பருத்திருந்தால் அலை கல்லைச் சேர்வதற்குள் வலுவிழந்துவிடும். ஜெல்லில் காற்றுக்குமிழி இருந்தால் அலை அங்கேயே சிதறிப்போகும். கல் சிறுநீரகத்தின் அடிக்கிண்ணத்தில் இருந்தால் உடைந்தும் பலனில்லை, கிணற்றின் அடியில் கிடக்கும் மணல் போலத் துகள் அங்கேயே தங்கும். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், அடிப்பகுதிக் கற்களில் ஷாக் வேவ் முழுதாகச் சுத்தம் செய்தது 37 விழுக்காட்டினருக்குத்தான். அதே இடத்துக் கற்களுக்கு பி.சி.என்.எல். 95. துகள்கள் யூரேட்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்று அடைப்பதும் உண்டு. அப்படி ஆனால் கடைசியில் உள்வழியாகப் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஷாக் வேவ் பேசும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி: நிமிடத்துக்கு எத்தனை அடி? 60 முதல் 90 வரை நல்லது. அவசரத்தில் 120க்கு ஏற்றினால் கல் உடைவது குறைந்து திசுக் காயம் கூடுகிறது. கர்ப்பிணிகளுக்கு இது அறவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதை நிறுத்தாமல் செய்யக் கூடாது. கல்லுக்குக் கீழே வேறு அடைப்பு இருந்தாலோ, சிறுநீரில் கிருமி இருந்தாலோ அதைச் சரிசெய்த பிறகுதான்.

யூரேட்டரோஸ்கோப்பி முழு மயக்கத்திலோ முதுகு ஊசியிலோ நடக்கும். வெளியே காயமே இருக்காது. கல்லைக் கண்ணால் பார்த்தே, தலைமுடி போன்ற இழையை அதன் மேல் வைத்து ஹோல்மியம் அல்லது தூலியம் லேசரால் பொடியாக்குவார்கள், அல்லது துண்டாக்கிக் கூடைக் கம்பியால் வெளியே எடுப்பார்கள். எச்.யு. எவ்வளவு இருந்தாலும் லேசர் உடைத்துவிடும், அந்த எண்ணுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. பிரிட்டனில் யூரேட்டர் கல்லுக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஆறு மாதத்துக்குள் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஷாக் வேவில் 22 விழுக்காடு, உள்வழி முறையில் 10 விழுக்காடு. இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது என்பது அவரவர் மனசு. ஷாக் வேவ் எடுத்த பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை என்றும் அதையே சொல்லலாம்.

இதில் தவறு நேரும் இடங்களும் இருக்கின்றன. மேல் யூரேட்டர் கல்லை நெருங்கும்போது, உள்ளே பாய்ச்சும் நீரின் வேகத்தில் அது நழுவிச் சிறுநீரகத்துக்குள் ஓடிவிடும். நேரான ஸ்கோப் மட்டும் இருந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது, ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே “வளையும் ஸ்கோப் அன்றைக்குத் தயாராக இருக்குமா?” என்று முன்னாலேயே கேளுங்கள். சிலருக்கு யூரேட்டர் குறுகலாக இருந்து ஸ்கோப் ஏறவே ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் கிழியும். அப்படிப்பட்ட நேரத்தில் ஸ்டென்ட் மட்டும் வைத்து, குழாய் விரிந்ததும் ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொல்லும் டாக்டர் நல்ல டாக்டர். அதைத் தோல்வி என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். கிருமி இன்னொரு ஆபத்து. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வராமல் மேசையில் ஏறக் கூடாது. உள்ளே நீர் பாயும் அழுத்தத்தில் கிருமி ரத்தத்துக்குள் போய், அன்று மாலையே நடுக்கம் வரும். நாள் கழித்து அந்த இடம் சுருங்கி அடைப்பாவதும் நூற்றில் ஒருவர் அளவுக்கு உண்டு.

ஸ்டென்டைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் பயந்துபோகிறார்கள். டி.ஜே. ஸ்டென்ட் என்பது ஓர் அடி நீளம்கூட வராத மெல்லிய பிளாஸ்டிக் குழாய். மேல்நுனி சிறுநீரகத்திலும் கீழ்நுனி மூத்திரப்பையிலும் பன்றிவால் போலச் சுருண்டு நிற்கும். கீழ்ச்சுருள் பையின் சுவரை உரசும், அதனால் அடிக்கடி முட்டிக்கொண்டு வரும், நடந்தால் சிறுநீர் சிவக்கும். சாதாரணமாகச் சிறுநீர் மேலே திரும்பிப் போகாமல் ஒரு தடுப்பு இருக்கும், ஸ்டென்ட் அதைத் திறந்து வைத்துவிடுகிறது. அதனால் சிறுநீர் கழித்து முடிக்கும் நேரம் விலாவில் சுருக்கென்று இழுக்கும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான், டாம்சுலோசின் கொஞ்சம் அடக்கும். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் எதிர்பார்த்தது அல்ல. எடுக்கும்போது மரத்துப்போக ஜெல் விட்டு, மூத்திரப்பைக்குள் கேமரா விட்டு உருவுவார்கள், சில நிமிட வேலை. மறந்துவிட்டவர்களின் கதைதான் கொடுமை. மாதக்கணக்கில் விட்டால் ஸ்டென்ட் மேலேயே கல் படிந்து இரண்டு முனையும் உருண்டையாகிவிடும், உருவினால் வராது, அதை எடுக்கவே தனி ஆபரேஷன் வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் எடுக்க வேண்டிய தேதியை எழுதி வாங்கி, ஃபோனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

பி.சி.என்.எல். உங்கள் அண்ணனுக்குத் தேவைப்படாது, எனவே சுருக்கமாக. 2 செ.மீ.க்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லுக்கும், சிறுநீரகத்தையே நிரப்பிக் கிளைவிட்ட மான்கொம்புக் கல்லுக்கும் இதுதான் முதல் தேர்வு. 1976இல் ஸ்வீடனில் தொடங்கியது. ஒரே அமர்வில் அதிகக் கல்லை எடுப்பது இதுதான், அதிகம் ரத்தம் போவதும் இதில்தான். பல ஆய்வுகளைத் தொகுத்ததில் நூற்றில் ஏழு பேர் அளவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. துளையின் அகலத்தைக் குறைத்த ‘மினி’ முறையில் அது குறைகிறது, நேரம் கூடுகிறது. வீட்டுக்கு வந்த ஒன்றிரண்டு வாரத்தில் திடீரென்று சிறுநீர் முழுக்க ரத்தமாக வந்தால் உள்ளே ஒரு ரத்தக்குழாய் கசிகிறது என்று பொருள். அப்போது தாமதம் கூடாது.

கரைப்பது பற்றி. உண்மையிலேயே மருந்தில் கரையும் கல் ஒன்று இருக்கிறது, அது யூரிக் அமிலக் கல். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, சி.டி.யில் தெரியும், எச்.யு. குறைவாக இருக்கும், சிறுநீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5ஐ ஒட்டி அல்லது அதற்கும் கீழே இருக்கும். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து பி.எச்.சை 6.5 - 7க்கு ஏற்றி வைத்தால் சில வாரங்கள் முதல் மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் கரையும். சர்க்கரை நோயாளிகளிடமும் கவுட் என்ற மூட்டுவாதம் உள்ளவர்களிடமும் இந்த வகை அதிகம், ஆபரேஷனுக்கு முன் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். ஆனால் கல்லில் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட். அது எந்த மருந்திலும் கரையாது, வாழைத்தண்டிலும் கரையாது. வாழைத்தண்டுச் சாறு குடித்த பிறகு கல் வெளியேறியவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பது உண்மைதான். 4 மி.மீ. கல்லாக இருந்தால் மோர் குடித்திருந்தாலும் வந்திருக்கும். பிடித்திருந்தால் குடிக்கட்டும், அதுவும் தண்ணீர்தானே. சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். சாற்றை நம்பி அடைப்போடு மூன்று மாதம் உட்கார்ந்திருப்பதுதான் தவறு.

இப்போது அண்ணனுக்கு என்ன? 10 மி.மீ.க்குட்பட்ட மேல் யூரேட்டர் கல்லுக்கு இரண்டு டாக்டர் சொன்னதும் சரியான வழிதான். யாரும் ஏமாற்றவில்லை. எச்.யு. 1000க்குக் கீழே, உடம்பு ஒல்லி, கிருமி இல்லை, வீக்கம் லேசானது என்றால் ஷாக் வேவ் ஒருமுறை முயன்று பார்க்கத் தகும். இரண்டாவது அமர்வுக்கும் பலன் இல்லையென்றால் மேலும் மேலும் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. எச்.யு. அதிகம், அல்லது வேலைக்கு நீண்ட விடுப்பு எடுக்க முடியாது, அல்லது ரத்தம் உறையாத மருந்து நிறுத்த முடியாது என்றால் உள்வழி.

என் சாய்வு உள்வழிப் பக்கம்தான். காரணம் அந்த இரண்டாவது கல். 6 மி.மீ. அடிப்பகுதிக் கல் தனியாக இருந்திருந்தால், வலி இல்லாதவரை ஆண்டுக்கொரு ஸ்கேனோடு விட்டுவிடலாம். ஆனால் வளையும் ஸ்கோப் எப்படியும் மேலே போகிறது. ஒரு கல்லுக்காகப் போகும்போதே 6 மி.மீ. வரையிலான அமைதியான கற்களையும் சேர்த்து எடுத்தால் என்ன ஆகிறது என்று 2022இல் ஓர் அமெரிக்க ஆய்வு பார்த்தது. எடுத்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கும், விட்டுவைத்தவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் பிறகு கல் தொல்லை திரும்பியது. கூடுதலாகச் செலவான நேரம் 25 நிமிடம் அளவு. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அண்ணனின் நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. “கீழே இருக்கும் கல்லையும் சேர்த்து எடுப்பீர்களா?” என்று கேட்டு, ஒப்புதல் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பணம் பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் ஸ்கோப்பா, லேசர் இழை சேர்ந்ததா, ஸ்டென்ட் எடுக்கும் செலவு உள்ளே வருமா, ஷாக் வேவ் என்றால் இரண்டாவது அமர்வுக்குத் தனியாகவா என்று பிரித்துக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் காப்பீட்டு மேசையில் எந்த முறைக்கு அனுமதி கிடைக்கும் என்று சேர்க்கைக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

வெளிவரும் கல்லைத் தூக்கி எறிய வேண்டாம். ஷாக் வேவ் என்றால் சில நாள் சிறுநீரைப் பழைய டீ வடிகட்டியில் வடித்துத் துகளைப் பிடித்து, காயவைத்து, கல் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள். இனி என்ன தவிர்ப்பது என்பது அந்த ரிப்போர்ட்டைப் பொறுத்தது. அதுவரைக்கும் எல்லோருக்கும் பொதுவானவை: ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர், வெயிலில் வேலை என்றால் அதற்கு நான்கு லிட்டர்கூட ஆகலாம், உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள், ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில் சேரும், இறைச்சி அளவாக. தக்காளி விதையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பாலையும் தயிரையும் நிறுத்தவே வேண்டாம். உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை நிறுத்தினால் ஆக்சலேட் கூடுதலாகச் சிறுநீருக்குப் போய்க் கல் அதிகமாகும். பாலக்கீரை சாப்பிட ஆசையாக இருந்தால் தயிர்சாதத்தோடு சாப்பிடச் சொல்லுங்கள்.